மாமியார் மேடு

எங்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் கண்ணுக்குள் குனிந்து பார்க்காத பெண்பிள்ளை கிடையாது. கிழவி, நடுவயசுக்காரி, கோயிலில் பாடுகிறவள், வாழைப்பழச் சாராயம் காய்ச்சுகிறவள், ஒருத்தியையும் விட்டதில்லை. தாடையில் விரல் வைத்து நிமிர்த்துவார். "இங்க பாரும்மா, என் காதைப் பாரு, சிமிட்டாத, அவ்ளோதான், அவ்ளோதான்" என்று குழைவார். நானும் பாயில் உட்கார்ந்து கடலை உரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். என் பொறுமைக்கு யாராவது ஒரு ஆடாவது பரிசு கொடுத்திருக்க வேண்டும், இதுவரை கொடுக்கவில்லை.

எல்லாம் ஒரு ஃபோனால் வந்த வினை. அதற்கு முன்னால் அவர் முப்பது வருஷம் காப்பி மூட்டை ஏற்றுகிற லாரி ஓட்டினார். முதலாளி லாரியை விற்றதும் வீட்டோடு வந்தார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஸ்டியரிங் பிடித்த கை மட்டும் இருக்குமா? கோழிகளை விரட்டி வரிசையில் நிறுத்தப் பார்த்தார். நான் மத்தோக்கே வாழைக்காய் வேகவைத்தால் பின்னால் நின்று, "தீ ஜாஸ்தி, நலோங்கோ, தீயக் குறை" என்பார். எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். இரட்டை பெற்றால் எங்கள் ஊரில் சொந்தப் பெயர் போய்விடும். அவர் சலோங்கோ, நான் நலோங்கோ. அந்த ஒரு வருஷம் நான் 'சலோங்கோ, வெளியில போங்க' என்று சொன்ன அளவுக்கு ஜெபம் சொல்லியிருந்தால் நேரே மோட்சம்தான்.

அப்போதுதான் சுகாதார நிலையத்து சிஸ்டர் அகுல்லோ தொண்டு வேலைக்கு ஆள் தேடினாள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், காலையிலேயே குடிக்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்த ஆம்பிளை எங்கள் ஊரில் இவர் ஒருத்தர்தான் அகப்பட்டார். சம்பளம் கிடையாது. ஒரு பனியன், ஒரு ஃபோன். ஃபோனில் மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஒரு எழுத்து வரும். பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எதிரே நிற்கிறவர் கையால் காட்ட வேண்டும். பிறகு பாட்டில் மூடி அளவு கண்ணாடியை அதில் மாட்டி, வெளிச்சம் அடித்து, கண்ணுக்குள்ளே படம் எடுப்பார். அது டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே டாக்டர் பார்த்துச் சரி என்றால் வண்டி வந்து கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடும். ஏழை பாழை யாருக்கும் ஒரு செலவும் இல்லை.

முதல் வண்டியில் போனவர் கரி சுடுகிற முலிந்த்வா. பல வருஷமாகப் பெண்டாட்டி பிடித்த குச்சியின் மறுமுனையில் நடந்த மனுஷர். கட்டுப் பிரித்த பிறகு நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது? குரலை வெச்சு நல்ல உயரமா இருப்பேன்னு நெனச்சேன்."

என் வீட்டுக்காரர் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்து, கடலைக் குழம்போடு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "நலோங்கோ, முப்பது வருஷம் மூட்டை ஏத்தினேன். ஒரு மூட்டையாவது என்னைப் பாத்துச் சிரிச்சிருக்குமா?" என்றார். நான் கிண்டல் செய்யத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து மனுஷர் தலை கால் புரியாமல் அலைந்தார். ஃபோனை யாரையும் தொட விடுவதில்லை. அவர் முகத்தைக் காட்டினால்தான் அது திறக்கும். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

இத்தனை பேர் கண்ணைப் பார்த்தவர் பார்க்காத கண் ஒன்று உண்டு. அது என் அம்மாவுடையது.

கோரை வளர்ந்த சதுப்பைத் தாண்டினால் கசாலா மேடு. அங்கே அம்மா தனியாக இருந்தாள். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, விடிகிறதா இருட்டுகிறதா என்பது மட்டும் தெரிந்தது. தூரத்து ஹோய்மாவில் மாவு மில் வைத்திருக்கும் என் அண்ணன் செம்பட்யா, காப்பிப் பறிப்பு முடிந்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். அவன் வீட்டில் பகல் முழுக்க ஆள் இருக்காது. பூட்டிய அறையில் ஒரு மூட்டையைப் போல அம்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாமே என்றால், மருமகன் வீட்டில் மாமியார் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. எதிரே வந்தால் மாமியார் பாதையை விட்டு இறங்கி முகத்தை மறைப்பாள். பேச வேண்டுமென்றால் நடுவில் ஒரு சுவர் வேண்டும், இல்லையென்றால் நான் வேண்டும். தொட்டுவிட்டால் தீர்ந்தது, ஒபுக்கோ என்கிற கை நடுக்கம் வந்து சாகும்வரை விடாது.

"எங்கம்மாவை எப்போ பாக்கப் போறீங்க?" என்று கேட்கும்போதெல்லாம், "யோசிச்சிட்டிருக்கேன்" என்பார். லாரி பழுதான காலத்தில் முதலாளியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் சிஸ்டர் அகுல்லோ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். நான் முழங்காலிட்டு வணக்கம் சொன்னேன். அவள் வடக்குப் பக்கத்துப் பெண், எங்கள் முழங்கால் அவளுக்குக் கூச்சம். "எழுந்திருங்கம்மா, எழுந்திருங்க" என்று தவித்தாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"சலோங்கோ, ஒரு சந்தேகம். கசாலா மேட்டுல ஒருத்தருக்கும் கண் கோளாறு இல்லைன்னு அனுப்பியிருக்கீங்க. சுத்துவட்டாரத்துல வீட்டுக்கு ஒருத்தருக்கு இருக்கு. டாக்டரே கேக்குறாரு, அந்த மேட்டுல அப்படி என்னதான் சாப்பிடுறாங்கன்னு."

என் வீட்டுக்காரர் பலாமரத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மத்தோக்கேதான் சாப்பிடுறாங்க சிஸ்டர்," என்றேன் நான். "எங்கம்மா அது வாய்க்குப் போகுதா மூக்குக்குப் போகுதான்னு தடவித் தடவிச் சாப்பிடுறாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மேட்டையே மறைத்தவர் இவர்தான்.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க சிஸ்டர்?" என்று குரலை உயர்த்தினார். "அது முழுக்க இவ அப்பா வம்சம். அண்ணன் தம்பிங்க எல்லாம் அங்கதான் வீடு கட்டியிருக்காங்க. அவங்க பொண்டாட்டிங்க அத்தனை பேரும் இவளுக்கு அம்மா, எனக்கு மாமியார். அது மேடு இல்ல சிஸ்டர், மாமியார் பண்ணை! காப்பிச் செடியை விலக்கினா ஒரு மாமியார், தண்ணி எடுக்கப் போனா ரெண்டு மாமியார். நான் யார் தாடையைப் பிடிக்கிறது?"

"கையுறை தர்றேன், போட்டுக்கோங்க."

"கையுறை போட்டா வேர்க்கும் சிஸ்டர். குத்தம் போகாது."

"அந்த நடுக்கமெல்லாம் சும்மா."

"சும்மாவா? கடைக்கார லுபேகாவைக் கேளுங்க. மாமியார் சேத்துல விழுந்தாங்கன்னு கையப் பிடிச்சுத் தூக்கினாரு. இப்ப டீ குடிச்சா பாதி சட்டைக்குப் போகுது."

"அது நரம்பு வியாதி, சலோங்கோ."

"நரம்பாவே இருக்கட்டும். தூக்கினாரா, இல்லையா?"

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை வண்டி வருகிறது, திங்கட்கிழமைக்குள் படம் போய்ச் சேர வேண்டும், இதை விட்டால் அடுத்த வண்டி எப்போது என்று தனக்கே தெரியாது என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க போங்க, நலோங்கோ. உங்களுக்கு யாரும் மாமியார் இல்லையே அங்க."

என் வீட்டுக்காரர் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அழகை என்னவென்று சொல்ல! மகுடத்தைக் கழற்றிக் கொடுக்கிற ராஜா கூட அவ்வளவு அலட்டியிருக்க மாட்டான். "அழுத்தாத, தொடு. ஐயோ, குத்தாத! வாழையிலை பிரிக்கிற மாதிரியா பிரிக்கிறது?" என்றார்.

"ஸ்டியரிங் முறுக்கின கையே கத்துக்கிச்சு," என்றேன். "வாழையிலை பிரிக்கிற கை கத்துக்காதா?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சதுப்பைத் தாண்டினோம். என் அம்மா வீட்டுக்குக் கீழே வாழைத்தோப்பில், அவர் மேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். திறக்கிற நம்பரை எனக்குக்கூடச் சொல்ல மாட்டார். அவர் முகத்தைக் காட்டித் திறந்து கொடுப்பார், நான் எடுத்துக்கொண்டு மேலே ஓட வேண்டும். ஓடினேன். அம்மாவை வாசலில் நிறுத்தி, கயிற்றால் தூரம் அளந்து நிமிர்ந்தால் ஃபோன் தூங்கிவிட்டது. திரும்பக் கீழே ஓடினேன். திறந்து கொடுத்தார். மேலே ஓடினேன், நான் உடுத்தியிருந்த கோமேசி அங்கியின் இடுப்புத்துணி அவிழ்ந்து காலில் சிக்கியது, மறுபடி தூங்கிவிட்டது. மூன்றாவது தடவை மூச்சிரைக்க வந்து நின்றபோது அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நசூனா, யார்கிட்ட ஓடி ஓடிப் போற?"

அவளுக்கு மட்டும் நான் இன்னும் சொந்தப் பெயர்க்காரிதான். அவளிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததில்லை. சொன்னேன். அம்மா கையை நீட்டித் தேடி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தாள்.

"அவரு ஃபோனா? படம் எடுத்தா அது எங்க இருக்கும்?"

"அதுக்குள்ளதாம்மா."

"அது அவரு சட்டைப்பையில இருக்கும். அப்போ என் கண்ணு அவரு சட்டைப்பையில இருக்கும். எதிர்ல பாத்தாக்கூட ஒரு நிமிஷம், முகத்தைத் திருப்பிக்கலாம். இது நெனச்சப்பல்லாம் எடுத்துப் பாக்கலாம். இதுக்கு நான் பேசாம அவரு மடியிலயே போய் உக்காந்துக்கலாமே!"

"அம்மா, அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான்."

"போறேன். குருடியா போறேன். மானங்கெட்டுப் போக மாட்டேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா மேலா, வழக்கத்தின் மேலா, அந்த ஃபோன் மேலா என்று தெரியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கீழே வாழைத்தோப்பில் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். "நலோங்கோ!" என்று கூப்பிட்டார்.

போனேன். ஃபோனைச் சட்டையில் துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தார்.

"இதுல என் மூஞ்சியை அழிச்சிடு. உன்னோடதை வெச்சுக்கோ. திறக்குற நம்பரையும் மாத்திடு, எனக்குச் சொல்லாத."

"அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கோழி மேய்க்கிறேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சீக்கிரம், வெயில் போனா படம் சரியா வராது."

நாற்பது ஏக்கர் தோட்டத்தை எழுதிக் கொடுக்கிறவன் கூட அப்படி முகம் வெளுத்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் வந்த ஆசை, கல்யாணத்தன்றுகூட வந்ததா என்பது சந்தேகம். சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். என் மூஞ்சியை நேராக, இடதாக, வலதாகக் காட்டி ஃபோனுக்குள் ஏற்றி, நம்பரையும் மாற்றினேன்.

மேலே வந்து சொன்னேன். "அம்மா, இது இப்போ என் ஃபோன். என் மூஞ்சிக்குத்தான் திறக்கும்."

"அவரைத் திறக்கச் சொல்லு பாக்கலாம்."

மறுபடி ஓடினேன். அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். நெற்றியைச் சுருக்கி, கண்ணை விரித்து, பல்லைக் காட்டி எல்லாம் பார்த்தார். வாழைத்தோப்பிலிருந்து சோகமாக ஒரு குரல் மேலே போனது.

"திறக்கல!"

"நெசமாவான்னு கேளு," என்று மேலேயிருந்து அம்மா கத்தினாள்.

"நெசமாவான்னு கேக்குறாங்க," என்றேன்.

"நெசமாத்தான்னு சொல்லு," என்றார்.

அம்மா வெளியே வந்து நின்றாள். எழுத்தைக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒத்துக்கொள்கிற ஜென்மமா? மேலே, கீழே, இடது, வலது என்று போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை வீசினாள். எல்லாம் தப்பு என்றேன். "உன் ஃபோன்தான் தப்பு, நல்லா பாத்து வாங்கியிருக்கக் கூடாது?" என்றாள். பிறகு தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வெளிச்சத்தை அடித்தேன். கண்ணாடி வழியாக அம்மாவின் கண் பெரிதாக வந்தது. கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் பாலாடை. இவ்வளவையும் வைத்துக்கொண்டுதானா இவள் அடுப்பு மூட்டினாள், களை பிடுங்கினாள், 'எனக்கு என்ன குறை' என்று என்னைத் திருப்பி அனுப்பினாள்? "சிமிட்டாதம்மா, அவ்ளோதான், அவ்ளோதான்" என்று நானும் குழைந்தேன்.

அதற்குள் காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து பெரியம்மா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ஆம்பிளை யாரும் இல்லையே? அப்போ என்னையும் பாரு." அவளுக்குப் பின்னால் சித்தி. சித்திக்குப் பின்னால் அவள் சக்களத்தி. டாக்டர் ஆச்சரியப்பட்ட அந்த மேட்டில், ஒரு நல்ல கண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பொழுது சாய இறங்கி வரும்போது என் கால் தரையில் படவில்லை. இவரைக் கேலி செய்த வாய்தான் இது, என்ன செய்வது? வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தேன். அவர் வெறும் கையை வீசிக்கொண்டு, "அப்படியா? படம் தெளிவா வந்துச்சா? கை ஆடலையே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எவர் கண்ணையும் காட்டு என்று மட்டும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வண்டி வந்தது. வழக்கமாகத் துணைக்கு முன் சீட்டில் அவர்தான் போவார். அன்றைக்கு வண்டி நிறைய மாமியார்கள். ஒருத்தி அவரைக் குரலால் கண்டுபிடித்து, "அந்த ஆளு ஏறினா நான் இறங்கிடுவேன்" என்றாள். முன் சீட்டில் நான் ஏறினேன். அவர் வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே, செம்மண் புழுதி அத்தனையும் தின்றுகொண்டு டவுன் வரை வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது செங்கல் சூளையிலிருந்து எடுத்த மாதிரி இருந்தார்.

காப்பிப் பறிப்பு முடிந்து அண்ணன் செம்பட்யா பெரிய பையோடு வந்தான், அம்மாவைக் கூட்டிப்போக. அம்மா வாசலில் உட்கார்ந்து பயறில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"ஏண்டா, வயிறு உனக்கு முன்னால வருது? சட்டையில என்ன அது, எண்ணெய்க் கறையா? ஒம் பொண்டாட்டி துவைக்கிறதே இல்லையா?"

அவன் அன்று மாலையே தனியாகத் திரும்பிப் போனான்.

இப்போதெல்லாம் காலையில் நான் முகம் காட்டி ஃபோனைத் திறந்து, மேட்டுப் படங்களை அழித்து, சிஸ்டர் காட்டிக்கொடுத்தபடி பூட்டு விழாமல் வைத்துக் கொடுத்தால்தான் சலோங்கோ வேலைக்குப் போக முடியும். மேட்டுக்கு நான், மற்ற இடத்துக்கு அவர். சண்டை வந்த அன்று மட்டும் கொஞ்சம் தாமதமாகத் திறப்பேன். அண்ணன் போன மறுநாள், அம்மாவின் காப்பி மூட்டையை இறக்கிக் கொடுக்க அவரும் என்னோடு சதுப்பைத் தாண்டி வந்தார். திருப்பத்தில் ஏறினோம். மேலே களை கொத்திக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அடுத்த நிமிஷம், மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கோமேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வயசில் ஒரு ஓட்டம்! காப்பிச் செடிகளுக்குள் போய்க் குந்திவிட்டாள்.

என் வீட்டுக்காரர் பாதையில் அப்படியே நின்றார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். நான்தானே சுவர். செடிக்குள்ளிருந்து மூச்சிரைப்பு கேட்டது, பிறகு குரல் வந்தது.

"நசூனா, அவருகிட்ட சொல்லு. நான் என் வீட்டுலயே இருந்து என் வீட்டுலயே சாவேன். அது அவராலதான்னு சொல்லு."

பத்தடி தூரம். கொக்கு உட்கார்ந்தாலும் கேட்கும். ஆனால் அவர் காதில் விழாதவர் மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றாங்க?"

சொன்னேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். மண்ணைப் பார்த்தார்.

"சரியா கேக்கல," என்றார். "இன்னொரு தடவை சொல்லேன்."

இன்னொரு தடவை சொன்னேன்.